வெடிக்கு அசையாத நாய்

அன்பின் அண்ணைக்கு,

வணக்கம். பள்ளிக்காலத்திலிருந்து உங்கள் எழுத்துகளை வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, கோபிக்க வேண்டாம்.

என் அப்பா வேட்டைக்காரர். கொடிகாமத்தில் தோட்டம் செய்தாலும் மாதத்தில் இரண்டு தரமாவது வன்னிப் பக்கம் போய்வருவார். மூன்று வருடத்துக்கு முன் காலமானார். அவர் நினைவாக ஒரு நல்ல சாதி நாய் வளர்க்க ஆசைப்பட்டு 60,000 ரூபா கொடுத்து ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கினேன். பால் வெள்ளை, மூக்கு ரோசா நிறம். சுத்தமான சாதி என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இப்போது இரண்டு வயது. ஆனால் வேட்டையாடாது. தோட்டத்துக்குள் முயல் வந்து கச்சானைக் கிண்டினாலும் பார்த்துக்கொண்டு நிற்கும். மாமாவின் ஆட்களோடு ஒட்டுசுட்டான் பக்கம் பன்றிக்குக் கூட்டிப்போனேன். மற்ற நாய்கள் மறித்துக் குரைக்க, இது எதிர்ப்பக்கம் பார்த்து நின்றுவிட்டு, மோட்டார் சைக்கிளடியில் போய்ப் படுத்துவிட்டது. வெடிக்குப் பயம் என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று வெடி வைத்தாலும் தூக்கம் கலையாது, அவ்வளவு துணிச்சல். கூப்பிட்டால் மட்டும் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் வராது. சரியான திமிர். இந்தச் சாதிக்கு வேட்டை இரத்தத்திலேயே இருக்கிறது என்றுதான் சொல்லித் தந்தார்கள்.

வன்னியில் தன் வயல் வாடியில் காவலுக்குக் கட்டிவிடலாம், அல்லது உடும்புக்குப் பழக்கலாம் என்கிறார் மாமா. நல்ல சாதிக் கடுவன் என்பதால் பெட்டைகளோடு சேர்த்துக் குட்டி விற்றுப் போட்ட காசை எடு என்கிறான் சிநேகிதன். அம்மா, 'கிடக்கட்டும்' என்கிறார். பச்சை இறைச்சி கொடுத்தால் வேட்டைக்குணம் வருமா? வேட்டையே பாவமா? அப்பாவின் நெற்றி லைற்றும் பையும் இன்னும் ஆணியில் தொங்குகின்றன. பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது. நான் என்ன செய்ய?

ஒரு வாசகன், கொடிகாமம்

அன்பின் தம்பி,

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். பச்சை இறைச்சி கொடுத்தால் வேட்டைக்குணம் வராது, வயிற்றோட்டம்தான் வரும். வேட்டை பாவமா என்பதைக் கோயில் ஐயரிடம் கேளுங்கள், நான் மச்சம் சாப்பிடுகிறவன். உடும்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி, அதை மாமாவிடம் சொல்லிவிடுங்கள். என் எழுத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

பத்து நாளைக்கு முன் பக்கத்து வீட்டுச் சிறுமி, இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், படலைக்கு வெளியே நின்று எங்கள் நாயைக் காட்டிக் கேட்டாள்: "தாத்தா, இது என்ன சாதி?" எங்கள் நாய் ஒழுங்கை முகப்பு மதகுக்குக் கீழே கிடந்து எடுத்தது. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். "சாதி ஒண்டும் இல்லையம்மா, நாய்" என்றேன். "அப்ப கூடாத சாதியோ?" என்றாள். நான் வாய் திறக்க முதல் தாய் கூப்பிட்டு அவள் ஓடிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். அதில் 'சாதி' நான்கு தடவை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். நாயின் பெயர் ஒரு தடவையும் வரவில்லை.

அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று தரம் வாசித்தேன். வெடி வைத்தாலும் தூக்கம் கலையாது என்ற வரி. எனக்குத் தெரிந்த ஒரு நாய் இதற்கு நேர் எதிர்.

என் பெரியப்பா வரணியில் இருந்தவர். புகையிலைத் தோட்டம், லைசென்ஸ் எடுத்த ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று. கச்சாய்ப் பக்கத் தரவைகளில் முயலுக்குப் போவார். 1982இல் மாங்குளத்துக்கு அங்காலே யாரிடமோ ஒரு சிப்பம் புகையிலை கொடுத்து ஒரு கடுவன் குட்டி வாங்கிவந்தார். தாய் முயலுக்குப் பேர்போனதாம், தகப்பன் பன்றிக்காம். குட்டிக்கு வீமன் என்று பெயர் வைத்தார். பிழை அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது.

ஏழெட்டு மாதத்தில் தரவைக்குக் கூட்டிப்போய், குட்டியின் தலைக்கு மேலாகவே வெடி வைத்தார். வீமன் நிலத்தோடு நிலமாகப் படுத்தான். விழுந்த முயலை எடுத்துக்கொண்டு பெரியப்பா திரும்பினால் ஆளைக் காணவில்லை. இரவு எட்டு மணிக்கு வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். அதோடு சரி. பெரியப்பா தோட்டாக்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருப்பார். மூடி இறுக்கம், கரண்டிக் காம்பால் நெம்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த டொக் கேட்டால் வீமன் கோழிக்கூட்டடியில். பெரியப்பா தந்திரமாகத் துணியைச் சுற்றி நெம்பிப் பார்த்தார். அதுவும் அவனுக்குக் கேட்டது. ஒரு நாள் பெரியம்மா உண்மையிலேயே பிஸ்கட் இருந்த தகரத்தைத் திறந்தார். அதுவும் அதே கடை, அதே அளவு, அதே கரண்டி. வீமன் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். அந்த இரண்டு டொக்குக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊர் சும்மா இருக்குமா? வெடிமருந்தைச் சோற்றில் குழைத்துக் கொடு என்றார் ஒருவர். காதை அறுத்துவிடு என்றார் இன்னொருவர். முயல் இரத்தத்தை மூக்கில் பூசச் சொன்னதை மட்டும் பெரியப்பா செய்து பார்த்தார். வீமன் நக்கித் துடைத்துவிட்டுப் படுத்தான். முதல் வெடியை எட்ட நின்று, குட்டி சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும், நாள்பட நாள்படத்தான் கிட்டக் கொண்டுவர வேண்டும் என்று பெரியப்பாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தலைக்கு மேல் வெடி வைத்தவர் அவர். 'கோழை' என்ற பேர் வீமனுக்கு.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் இயக்கப் பெடியள் வந்து துவக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் துவக்கு வைத்திருந்த வீடுகளுக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான். பெரியப்பா மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை. நாலாம் நாள் வீமன் விறாந்தைக்கு ஏறிவந்து அவர் காலடியில் படுத்தான். அதுவரைக்கும் துவக்குத் தொங்கிய சுவர்ப் பக்கம் அவன் வந்ததே இல்லை.

பிறகு ஹெலியும் பொம்பரும் ஷெல்லும் வந்தன. வீட்டுக்குப் பின்னால் பனங்குற்றி அடுக்கிப் பங்கர் வெட்டினோம். அதற்குள் போகிற முதல் ஆள் வீமன். அவன் எழும்பி ஓடினால் பெரியம்மா உலையை இறக்கிவைத்துவிட்டுப் பின்னால் ஓடுவார். 'வேட்டைக்கு உதவாத நாய் வீட்டைக் காத்தது' என்று இந்த இடத்தில் முடிக்கச் சொல்லிக் கை பரபரக்கிறது. முடிக்க மாட்டேன். தகரக் கூரையில் மாங்காய் விழுந்தாலும் வீமன் பங்கருக்குள்தான் ஓடினான், கோயில் வெடிக்கும் ஓடினான். 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் வந்து உணவுப் பொதிகள் போட்டபோது சனம் வெளியே வந்து அண்ணாந்து கை காட்டியது, வீமன் பங்கருக்குள். அவனை நம்பி ஓடியதில் பெரும்பாலும் பெரியம்மாவின் சோறு குழைந்ததுதான் மிச்சம். ஆனால் பெரியப்பா அவனைப் பேசுவதை நிறுத்திவிட்டார். "அவனுக்குக் கேக்குது, எங்களுக்குக் கேக்கேல்லை" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

தம்பி, நாய்க்குக் கேட்கும். வெடி வைத்தால் பயந்த நாய் ஓடும், பழகிய நாய் முன்னால் பாயும், ஒன்றுக்கும் உதவாத சோம்பேறி நாய்கூடக் காதையாவது அசைக்கும். பக்கத்தில் வெடிக்கத் தூங்குகிற நாயை நான் கண்டதில்லை. நான் மிருக வைத்தியன் இல்லை, ஆனாலும் பந்தயம் கட்டுவேன்: உங்கள் நாய்க்குத் துணிச்சலும் இல்லை, திமிரும் இல்லை. காது கேட்கவில்லை. இரண்டு காதும், அல்லது ஒரு காது. ஒரு காது மட்டும் கேட்கிற நாய்க்குச் சத்தம் வருவது தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. பன்றி மறித்த இடத்தில் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்கிற காதை நிலத்தில் வைத்துப் படுத்தால் உலகமே இல்லை. 'நினைத்தால் வரும்' என்கிறீர்கள். உங்களைக் கண்டால் வந்திருக்கும். இரண்டு வருடமாக அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுவிட்டுத் திமிர் என்று பேர் வைத்திருக்கிறீர்கள்.

இனிச் சாதிக்கு வருகிறேன். எழும்பிப் போகாமல் இருந்து வாசியுங்கள்.

பால் வெள்ளை, ரோசா மூக்கு என்று பெருமையாக எழுதினீர்கள். அந்த வெள்ளையில்தான் விஷயம் இருக்கிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கிற செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், சத்தத்தை வாங்குகிற நுண்ணிய மயிர்ச்செல்கள் குட்டி பிறந்து சில கிழமைக்குள் செத்துப்போகும். பிறகு எந்த மருந்தும் இல்லை. புள்ளி போட்ட டல்மேஷன் நாய்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. ராஜபாளையத்திலும் பிறவிச் செவிடு பேர்போன குறை. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையத்தில் அந்தக் காலத்தில் பன்றிக்குப் போன நாய் அது. வெள்ளைக்குத்தான் விலை என்றானதும் வெள்ளையை வெள்ளையோடு சேர்த்துச் சேர்த்து, நிறம் விழுந்த குட்டியை ஒதுக்கி, உள்ளுக்குள்ளேயே சுற்றவிட்டார்கள். 2005இல் இந்தியாவில் தபால்தலையிலும் ராஜபாளையம் வந்தது. தபால்தலைக்குக் காது கேட்க வேண்டிய தேவை இல்லை.

சுத்தம் என்று சொல்லித்தானே 60,000 கொடுத்தீர்கள்? உங்கள் நாயின் காதைத் தின்றது அந்தச் சுத்தம்தான்.

இது நாயோடு நிற்கிற பழக்கமும் இல்லை. நல்ல சாதி மா, நல்ல சாதி மாடு, நல்ல சாதி நாய் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி எங்கள் நாக்குத் தழும்பேறிவிட்டது. விலை கொடுத்து வாங்கினால் சாதி நாய், தானாக வந்தால் ஊர் நாய். அதற்கும் கீழே ஒரு சொல் இருக்கிறது, ஒரு மனிதக் கூட்டத்தின் பெயரை நாய்க்கு முன்னால் ஒட்டிப் பேசுகிற சொல். அதை இங்கே எழுத மாட்டேன். உங்கள் வீட்டிலும் புழங்கியிருக்கும், என் வீட்டிலும் புழங்கியது. சாதி பார்த்து ஆட்களை மறிப்பதற்கு எதிராக, சமூகக் குறைபாடுகளைத் தடுக்கிற சட்டம் 1957இல் வந்தது. பதினொரு வருடம் கழித்து, 1968இலும் கோயிலுக்குள் போவதற்காக மாவிட்டபுரத்தில் ஒதுக்கப்பட்ட சனம் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. கோயில் வீதியில் நாய் போகலாம், வரலாம், தேர்முட்டி நிழலில் படுக்கலாம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அது வைரவர் வாகனம். எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஞானவைரவர் கோயில். வைரவருக்குப் பக்கத்தில் நிற்கிற நாயின் சாதி என்ன என்று எந்தச் சிற்பியிடமாவது கேட்டுப் பாருங்கள், உளியால் எறிவான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை என் நாயைப் பார்த்து 'கூடாத சாதியோ' என்று கேட்டது எங்கே படித்து? எங்கள் வாயைப் பார்த்துத்தான்.

'இரத்தத்தில் இருக்கிறது' என்று சொல்லித் தந்தார்களாம். ஒட்டுசுட்டானில் பன்றியை மறித்த நாய்கள் என்ன சாதி, தம்பி? 'மற்ற நாய்கள்' என்று இரண்டு சொல்லோடு தாண்டிவிட்டீர்கள். எனக்குத் தெரியும் அவை எப்படி இருந்திருக்கும் என்று. விலா எலும்பு தெரியும், காது பிய்ந்திருக்கும், ஒன்றிரண்டின் வயிற்றில் பன்றி கிழித்துத் தைத்த தழும்பு இருக்கும். மண்ணிறம், கறுப்பு, செம்மறை, எல்லாம் ஊர் நாய். குட்டியாக இருக்கும்போதே தாய்க்குப் பின்னால் காட்டுக்குள் போய், ஓடி, அடிபட்டுப் பழகியவை. நீங்களும் வேட்டைக்காரன் மகன்தானே? இரத்தத்தில் வந்திருக்க வேண்டுமே. இதுவரை எத்தனை பன்றி விழுத்தினீர்கள்?

கோபிக்க வேண்டாம். அப்பா போன பிறகு அந்த ஆணியைப் பார்க்க முடியாமல் இருக்கிறது என்பது எனக்கு விளங்குகிறது. என் பெரியப்பாவின் பிஸ்கட் தகரம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறேன். மூடி இன்றைக்கும் இறுக்கம். ஆனால் அப்பா இல்லாத வெற்றிடத்தை நிரப்பு என்று ஒரு நாயை ஏவினால் அது எங்கே ஓடும்?

சிநேகிதனின் யோசனைக்கு வருகிறேன். செவிட்டுக் கடுவனைச் சேர்த்துக் குட்டி விற்கப் போகிறீர்களா? உங்களைப் போல இன்னும் ஆறேழு பேர் எனக்குக் கடிதம் எழுதவா? பேசாமல் இருங்கள்.

மாமாவின் வாடி. செவிட்டு நாய் எதைக் காவல் காக்கும்? யானை வந்து பக்கத்தில் நின்றால்தான் நிலம் அதிர்ந்து தெரியவரும். சங்கிலியில் கட்டியிருந்தால் தெரிந்தும் பயன் இல்லை. சங்கிலி என்றதும் எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வருகிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. சரியான மழை. நாங்கள் நீர்வேலியிலிருந்து கோப்பாய், கைதடி என்று வரணிக்குப் போனோம். வீமன் அதற்கு முன்பே வயது போய்ச் செத்துவிட்டான். எங்கள் வீட்டில் றெக்ஸ் என்று ஓர் அல்சேசன் கலப்பு நின்றது. சங்கிலியைக் கழற்றிவிட்டு, பானையில் இருந்த சோறு முழுவதையும் கொட்டிவிட்டு வெளிக்கிட்டோம். கோப்பாய்ச் சந்திவரை பின்னால் வந்தது, பிறகு சனத்துக்குள் தெரியவில்லை. அடுத்த வருடம் ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்தோம். றெக்ஸ் இல்லை. அதை எப்படியோ ஆற்றிக்கொண்டேன்.

எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர்கள் அவசரத்தில் கழற்ற மறந்துபோனார்கள். மாமரத்தடியில் சங்கிலி கிடந்தது, அதன் நுனியில் தோல் பட்டி, கொக்கி பூட்டியபடியே. வளவெல்லாம் இடுப்பளவு புல். மரத்தைச் சுற்றி மட்டும் சங்கிலி எட்டிய தூரத்துக்கு ஒரு வட்டம், ஆறு மாதம் போயும் அதற்குள் புல் பிடிக்கவில்லை. அந்த வீட்டு அம்மா திரும்பி வந்து அதைக் கண்ட பிறகு அந்தப் பக்கக் கதவைத் திறப்பதே இல்லை. அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள், அவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உங்கள் மாமாவுக்கு என்ன அவசரம்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாய் விழித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் போய் நின்று திறப்புக்கோர்வையைக் குலுக்குங்கள். மனிதக் காது 20,000 ஹேர்ட்சோடு நின்றுவிடும், நாயின் காது 45,000 வரை போகும், திறப்புச் சத்தம் அதற்கு நன்றாகவே கேட்க வேண்டும். காலால் நிலத்தில் உதைக்க வேண்டாம், அதிர்வில் திரும்பிவிடும். காற்று உங்கள் பக்கமிருந்து அடித்தால் மணத்தில் திரும்பிவிடும், அதையும் பாருங்கள். படுத்திருக்கும்போது ஒரு தரம் வலக்காது மேலே இருக்க, ஒரு தரம் இடக்காது மேலே இருக்கச் செய்து பாருங்கள். பிறகு மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். காதுக்குள் உண்ணியோ சீழோ இருந்தால் என் பந்தயத்தில் நான் தோற்றேன், சந்தோசம். விசர்நாய்த் தடுப்பூசியும் அந்த நேரமே போட்டுவிடலாம்.

கேட்கவில்லை என்றால் அம்மா சொன்னதுதான் சரி, கிடக்கட்டும். படலையை மட்டும் பூட்டி வையுங்கள், ஏ9 வீதியில் பஸ் ஹோன் அடிப்பது அதற்குத் தெரியாது. தூங்கும்போது பின்னால் போய்த் தொட வேண்டாம், திடுக்கிட்டுக் கடித்துவிட்டால் அதற்கும் திமிர் என்பீர்கள். கையால் சைகை காட்டிப் பழக்குங்கள்: வா, இரு, சாப்பாடு, இந்த மூன்றும் போதும்.

இரவில் வளவுக்குள் நிற்கிற செவிட்டு நாயைக் கூப்பிட வெளிச்சம்தான் வழி. ஆணியிலிருந்து அந்த நெற்றி லைற்றை இறக்குங்கள். மூன்று வருடத்தில் பற்றரி ஊற்றியிருக்கும், துருவைச் சுரண்டிவிட்டுப் புதியது போடுங்கள். அப்பா முயலின் கண்ணுக்கு நேரே அடித்திருப்பார், நீங்கள் நாய்க்கு முன்னால் நிலத்தில் அடியுங்கள். இரண்டு தரம் மினுக்கி, வந்ததும் ஒரு நெத்தலித் தலை. ஒரு கிழமையில் பழகிவிடும்.